கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஐயா, கடல் சண்டையில் முதன்முதலாகப் பீரங்கி வெடித்தது 1338-ல், ஆர்னெமூடனில் என்று படித்தேன். மூன்று பீரங்கி வைத்திருந்த இங்கிலாந்துக் கப்பல் எப்படித் தோற்றது?
- கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: தோற்றது நிஜம் அம்மா. பீரங்கி மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 23. இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் ஐந்து பெரிய கப்பல்கள் கம்பளி ஏற்றிக்கொண்டு, இன்றைய நெதர்லாந்தில் ஆர்னெமூடன் இருக்கும் வால்கெரன் தீவுப் பக்கம் வந்திருந்தன. பிரெஞ்சுத் துடுப்புக் கப்பல்கள் பெருங்கூட்டமாக வந்து வளைத்துக்கொண்டன. ஜான் கிங்ஸ்டன் தலைமையில், நீங்கள் கேட்ட கப்பலான 'கிறிஸ்டோபர்' விடாமல் போராடிப் பார்த்து, கடைசியில் சரணடைந்தது. பிடிபட்டவர்களை வெட்டிப் போட்டார்கள்.

சரி, பீரங்கிக்கு வருவோம். 'கிறிஸ்டோபர்' என்ற கப்பலின் சாமான் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று இரும்புப் பீரங்கி, ஐந்து வெடிமருந்துக் குடுவை, ஒரு கைத்துப்பாக்கி. 19-ம் நூற்றாண்டில் ஒருவர் அதை 1338 என்று எழுதிவிட, எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் மூலத்தை எடுத்துப் பார்த்தால் அது நான்காம் ஹென்றி காலத்தது, 1410-ஐ ஒட்டியது! பெயர் ஒன்று, கப்பல் வேறு. நான் வேலூரில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த வீடுகளில் நிலம் யாருடையது என்று மண்டையை உடைத்துக்கொண்ட நாட்கள் எத்தனையோ. அதனால் எந்தக் காகிதமானாலும் என் கண் முதலில் தேதிக்குத்தான் போகும்.

தேதி சரியாக உள்ள காகிதமும் ஒன்று உண்டு. 1338 ஜூலையில், ரூவான் நகரிலிருந்த பிரெஞ்சுக் கப்பற்படைக் கிடங்கிலிருந்து சாமான் வாங்கியதற்கான ரசீது. நெருப்பு அம்பு எய்ய ஓர் இரும்புப் பானை (பானை வடிவில் இருந்த ஆதிகாலப் பீரங்கி), 48 அம்பு, ஒரு பவுண்டு வெடியுப்பு, அரைப் பவுண்டு கந்தகம். வெடிமருந்துக்கு வேண்டிய மூன்றாவது பொருளான கரியைச் சொல்லவில்லை, அது எங்கும் கிடைக்கும், ரசீது எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள், அம்பு ஒன்றுக்கு இருபது கிராம் மருந்துகூடத் தேறாது. உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வாணம் விடுகிறவர் கேட்டால் சிரிப்பார்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தப் பானை இருந்தது ஜெயித்த பிரெஞ்சுக்காரர் பக்கம். அதற்காக ஆர்னெமூடனில் ஜெயித்தது பானையால் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துக் கடல் சண்டை என்றால் வில், குறுக்குவில், பிறகு எதிரிக் கப்பலில் தாவி ஏறி வெட்டிக்கொள்வது. ஆள் அதிகம் உள்ளவன் பாடு கொண்டாட்டம்.

கேள்வி: பிடிபட்ட கப்பல் என்ன ஆனது?
- அதே மாணவி

பதில்: பிரெஞ்சுக்காரர் அதைத் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1340 ஜூன் 24, ஸ்லூய்ஸ் போரில் இங்கிலாந்து திரும்பப் பிடித்துவிட்டது. பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவரான பெயுஷேவைப் பாய்மரத்திலேயே தூக்கில் தொங்கவிட்டார்கள்.