தேயிலைச் சரிவில் காட்டேஜ்: ஊராட்சி அனுமதி மட்டும் போதுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியைச் (படுகர் ஊர்) சேர்ந்தவன் நான். அப்பா பெயரில் 40 சென்ட் தேயிலை இருக்கிறது, ஊருக்குள் ஒரு பழைய வீடு. பச்சைத் தேயிலை கிலோ 18 ரூபாய்க்குத்தான் போகிறது, அதில் பாதி பறிகூலிக்கே சரியாகிவிடுகிறது. ரோட்டுக்குக் கீழே உள்ள எங்கள் தோட்டத்தில் நான்கு அறை காட்டேஜ் கட்ட நினைக்கிறோம். வங்கியில் 25 லட்சம் கடன் கிடைக்கும் போலிருக்கிறது. "வீடு என்று போட்டு ஊராட்சியில் அப்ரூவல் வாங்கிவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்வோம்" என்கிறார் பிளான் போடுபவர். ஜேசிபி வைத்துப் பத்தடி உயரத்துக்கு மண்ணும் எடுத்துவிட்டோம். மேற்கொண்டு போகலாமா ஐயா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அனுமதி விஷயத்தைப் பேசுவதற்கு முன்னால் நீங்கள் வெட்டிவைத்திருக்கும் அந்தப் பத்தடி மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். அதுதான் அவசரம்.

கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும். உங்கள் கிழக்குச் சரிவுக்கு ஆபத்து அக்டோபர், நவம்பரில் வருகிறது. 2009 நவம்பரில் என்ன நடந்தது என்று உங்கள் அப்பாவைக் கேட்டாலே சொல்வார். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் மலையில் பல இடங்களில் மேலே பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த செம்மண், அதற்கு அடியில் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. மழைநீர் மண்ணில் இறங்கிப் பாறைக்கு மேலே தேங்கும்போது மண்ணின் கனம் கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. அந்த நேரத்தில் சரிவின் அடிப்பகுதியை வெட்டி எடுத்திருந்தால் மேலே நிற்கும் மண்ணுக்குத் தாங்கல் இல்லை. உங்கள் விஷயத்தில் மேலே நிற்பது ரோடு.

நாளைக் காலையிலேயே போய் அந்த வெட்டுமுகத்தை நிதானமாகப் பாருங்கள். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் செம்மண்ணில் ஏதாவது ஒரு மட்டத்தில் ஈரக்கோடு தெரிகிறதா? அடியில் கலங்கல் தண்ணீர் கசிகிறதா? வெட்டுக்கு மேலே, ரோட்டோரத்தில், வளைவாக விரிசல் ஓடியிருக்கிறதா? தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் அடிமரம் சரிவை நோக்கி வளைந்து, அப்புறம் நிமிர்ந்திருந்தால், அந்த மண் பல ஆண்டுகளாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ரோட்டுச் சிறுபாலத்தின் தண்ணீர் எங்கே வந்து விழுகிறது என்றும் பாருங்கள். உங்கள் வெட்டுக்கு நேர் மேலே விழுகிறதென்றால் ஒரு மழைக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

தற்காலிகமாகச் செய்யக்கூடியவை இவை. வெட்டுக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் எடுத்து, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். வெட்டுமுகத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அடியில் மணல் மூட்டை அடுக்குங்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் குவித்துவைத்திருந்தால் அப்புறப்படுத்துங்கள், பெருமழையில் அது சேறாகிக் கீழ்த்தோட்டக்காரர் மேல்தான் போய் விழும். தடுப்புச் சுவரை அவசரமாக எழுப்பிவிடாதீர்கள். நீர் வெளியேறத் துளைகளும் பின்னால் ஜல்லி நிரப்பும் இல்லாத சுவர் தண்ணீரைத் தேக்கிவைத்து மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். சரிவில் மண்ணைக் காப்பது அவர்கள் அன்றாடம் பார்க்கும் வேலை.

நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இறக்குவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். நீங்கள் வாங்கியதாக எழுதவில்லை. யாரோ புகார் கொடுத்து அதிகாரிகள் வருவதற்குள் நீங்களே தாசில்தாரிடம் போய், நடந்ததைச் சொல்லி, வேலையை நிறுத்திவிட்டதாகவும் சரிவைக் காக்க வழி கேட்பதாகவும் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அபராதம் வரலாம். ஆனாலும் உங்களிடம் ஒளிவுமறைவு இல்லை என்பதற்கு அந்தத் தாள் பிற்பாடு உதவும்.

இனி அனுமதிக்கு வருவோம். பட்டா கையில் இருக்கிறது, நிலம் நம்முடையது, கட்டினால் என்ன என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். நிலம் யாருடையது என்பதை மட்டுமே பட்டா சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்பதற்கு வேறு காகிதங்கள் இருக்கின்றன. அவை வெவ்வேறு அலுவலகங்களில் கிடப்பதால்தான் இத்தனை குழப்பம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகலும் அடங்கலும் (பயிர்க் கணக்கு) வாங்குங்கள். நிலத்தின் வகைப்பாடு முதலில் தெரியட்டும். புல வரைபடத்தில் ஓடை, வாரி, பாதை எது குறித்திருந்தாலும் கவனியுங்கள். அப்புறம் வில்லங்கச் சான்று. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஏதும் பொருந்துகிறதா, பொருந்தினால் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வேளாண் நிலம் என்று இருந்தால் நில உபயோக மாற்றம் இல்லாமல் விடுதி எழுப்ப முடியாது.

அடுத்தது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். அலுவலகங்களில் 'ஹாக்கா' (HACA) என்பார்கள். 1990-ல் தமிழக அரசு இந்தக் குழுமத்தை அமைத்தது. அதன் அனுமதி தேவைப்படும் கட்டுமானம் என்றால் மாவட்ட ஆட்சியர், வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை ஆகிய நான்கு இடங்களிலிருந்து கருத்து வர வேண்டும். சிறு குடியிருப்புக்குப் பாதை சுருக்கம், தங்கும் விடுதிக்கு நீளம். மரங்களுக்கு 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. நீங்களே நட்ட மரமானாலும் கேட்காமல் கோடாரி வைக்காதீர்கள்.

வனத்துறையின் கருத்து வெறும் சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகள் அழிவதைச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் போனார். ஆவணத்தில் என்ன பெயர் இருந்தாலும், யாருக்குச் சொந்தமானாலும், காடு காடுதான் என்று 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு நம் மாவட்டத்தின் வழக்கில் பிறந்ததுதான். முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் பட்டா வைத்திருந்தவர்களின் விடுதிகளுக்கும் 2018-ல் சீல் வைக்கப்பட்டது. யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் இடம் அங்கே இல்லை. ஆனால் பட்டா மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

"வீடு என்று போட்டுவிடலாம்" என்ற யோசனைதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அந்தப் பிளானில் கையெழுத்து உங்கள் அப்பாவுடையது, கடனும் அவர் பெயரில். பிளான் போட்டவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். குடியிருப்புக்கு அனுமதி வாங்கிக் காட்டேஜாக ஓட்டும் கட்டடங்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் தொடர்ந்து சீல் வைத்துவருகின்றன. 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 பிரிவுகள் இதற்குத்தான் இருக்கின்றன. 25 லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் வட்டி மட்டுமே ஆகும். கதவில் சீல் இருக்கும் மாதத்திலும் அது ஓடும். இன்னொன்று, வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. 2025 ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய சீசன் கட்டுப்பாட்டில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். சீசனை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஊருக்குள் இருக்கும் அந்தப் பழைய வீட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேதான் தொடங்குவேன். குடும்பம் அதே வீட்டில் இருந்துகொண்டு, ஓரிரு அறைகளை விருந்தினருக்குத் தருவது ஹோம்ஸ்டே. புதிதாக மண் வெட்ட வேண்டாம், நில உபயோகச் சிக்கலும் குறைவு, செலவு சில லட்சங்களுக்குள் அடங்கும். இதற்கும் சுற்றுலாத் துறையில் பதிவு, உள்ளாட்சியின் ஒப்புதல், சமைத்துப் போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எல்லாம் வேண்டும். ஊட்டியில் இருக்கும் மாவட்டச் சுற்றுலா அலுவலரிடம் முதலில் பேசுங்கள். கழிவுநீர்த் தொட்டி உங்கள் ஊரின் ஊற்றுக்கோ கிணற்றுக்கோ மேல்மட்டத்தில் இருக்கிறதா என்று அதற்கு முன் பார்த்துவிடுங்கள். மின்வாரியத்திடமும் எந்தக் கட்டண வகை என்று கேட்டுவிடுங்கள். வருமானம் நான்கு அறை காட்டேஜ் அளவுக்கு வராதுதான். ஆனால் அது உங்கள் கையில் நிற்கும்.

தேயிலையை நம்பி இனி வாழ முடியாது என்ற உங்கள் ஆதங்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990-களின் கடைசியில் விலை விழுந்ததிலிருந்து சிறுவிவசாயி எழுந்திருக்கவே இல்லை. கட்டுப்படியாகும் விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தும் பார்த்தாயிற்று. நம் மலையின் நிலத் திட்டங்கள் எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்கின்றன. 40 சென்ட் வைத்திருப்பவன் சட்டப்படி எதைச் செய்து பிழைக்கலாம் என்று அவற்றில் ஒரு பக்கம்கூட இல்லை. தடைகளைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன், சரிவின் குணம் அப்படி. ஆனால் நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலம்) இருக்கும் பழைய வீடுகளுக்கு எளிய ஹோம்ஸ்டே அனுமதி, ஊருக்குப் பொதுவான கழிவுநீர் ஏற்பாடு, எந்தச் சரிவில் கை வைக்கவே கூடாது என்று சர்வே எண் வாரியாக ஒரு பட்டியல், இந்த மூன்றையாவது உள்ளாட்சி தர வேண்டாமா? பெரிய விடுதிக்காரர் வக்கீல் வைத்து வழி கண்டுபிடிக்கிறார். சிறு விவசாயிக்கு யாரும் வழி சொல்வதில்லை.

இதைக் கேட்க இடம் இருக்கிறது. உங்களுடையது கிராம ஊராட்சி என்றால் அக்டோபர் 2, நவம்பர் 1 என அடுத்தடுத்து கிராம சபை வருகிறது. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் இந்த மூன்றையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். வாய்மொழியாகப் பேசிவிட்டு வந்தால் பதிவாகாது. எழுதிக்கொண்டு போங்கள், பத்துப் பேராவது கையெழுத்துப் போடட்டும். ஊராட்சி, நகராட்சித் திட்டங்களை ஒன்றாகத் தொகுக்க அரசமைப்புச் சட்டப்படியே மாவட்டத் திட்டக்குழு இருக்கிறது. தீர்மான நகலை வாங்கி அந்தக் குழுவுக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.