பார்வையில்லாத தங்கையை எப்படி எழுதுவது?

கேள்வி: முதல் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகனின் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கடைசியில் அறுவை சிகிச்சை நடக்கிறது. கட்டைப் பிரித்ததும் அண்ணன் முகத்தைப் பார்த்து "அண்ணா" என்கிறாள். படித்துப் பார்த்த தோழி, "இந்த முடிவு வேண்டாமே" என்கிறாள். எல்லோரையும் அழவைக்கும் காட்சிதானே, இதில் என்ன தப்பு?

பதில்: உங்கள் தோழி சொன்னதுதான் சரி. முதலில், அப்படி நடக்காது. லண்டனில் வில்லியம் செசல்டன் என்ற மருத்துவர், விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்வை இல்லாத ஒரு சிறுவனுக்குக் கண் அறுவை செய்து, அதைப் பற்றி 1728-இல் எழுதினார். பார்வை வந்த பிறகும் வீட்டில் எது பூனை, எது நாய் என்று அந்தச் சிறுவனுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வெட்கம். ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, அப்புறம் அதையே உற்றுப் பார்த்து, இனி உன்னைத் தெரிந்துகொள்வேன் என்றானாம். பார்ப்பதையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அறுவை சிகிச்சை வேண்டுமென்றே நினைத்தால், கட்டைப் பிரித்ததும் எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் அவள் திணறட்டும். அண்ணன் பேசியதும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்கட்டும். இந்தக் காட்சியை நான் காசு கொடுத்துப் பார்ப்பேன்.

மருத்துவத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கண் தெரிந்த பிறகுதான் அவள் வாழ்க்கையே தொடங்குகிறது என்று உங்கள் முடிவு சொல்கிறது. அப்படியானால் அதுவரை வாழ்ந்தது? கதையிலிருந்து தங்கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். அண்ணன் கஷ்டப்பட ஒரு காரணம் மட்டும்தான் குறைகிறது என்றால், நீங்கள் இன்னும் அவளை எழுதவே இல்லை. அவளுக்கு என்ன வேண்டும்? பார்வையைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள். அவள் பொய் சொல்லட்டும், பொறாமைப்படட்டும், அண்ணன் செய்வது பிடிக்காமல் சண்டை போடட்டும்.

அழவைப்பதில் தப்பே இல்லை. 1946-இல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தில், ராணுவத்தில் இரண்டு கைகளையும் இழந்த ஹரால்டு ரஸ்ஸல், அப்படிப்பட்ட ஒரு மாலுமியாகவே நடித்தார். தூங்கப்போகும் நேரத்தில் கொக்கிக் கைகளைக் கழற்றி, இனி நானாக எதுவும் செய்ய முடியாது என்று காதலியிடம் காட்டுவார். கைகள் திரும்ப வருவதே இல்லை. அந்த வேடத்துக்கு அவருக்கு இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. நடிகையைத் தேடும்போது பார்வையற்ற நடிகைகளையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

இனி சின்ன விஷயங்கள். புதிதாகச் சந்திப்பவரின் முகத்தைத் தடவிப் பார்ப்பது சினிமாவில்தான் நடக்கும், தயவுசெய்து வேண்டாம். அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது. அவள் அவன் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, ஒரு காலடி பின்னால் நடப்பாள். அப்போதுதான் அவன் உடம்பு திரும்புவதும், படியில் இறங்குவதும் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். தனியாகப் போகும்போது வெள்ளைக்கோல் இடமும் வலமுமாகப் போகும்: இடது கால் முன்னே வந்தால் கோல் வலப்பக்கம், வலது கால் வந்தால் இடப்பக்கம். அடுத்த காலடி விழவிருக்கும் இடத்தைத்தான் அது முதலில் தொட்டுப் பார்க்கிறது. நடிகைக்கு ஒரு நாள் பயிற்சி போதாது.

பார்வை இல்லை என்றாலே முழு இருட்டு என்றும் நினைக்காதீர்கள். வெளிச்சமோ நிழலோ தெரிபவர்கள்தான் அதிகம். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதை இப்போதே முடிவு செய்து குறித்துவையுங்கள்.

அடுத்த பிரதியைப் பார்வையற்ற இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள், படப்பிடிப்புக்கு முன்பே. ஒருவர் போதாது, ஒருவர் அனுபவம் எல்லோருடையதும் ஆகாது. அவர்கள் நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். படம் முடிந்ததும், வசன இடைவெளிகளில் காட்சியை விவரிக்கும் ஒலித்தடம் ஒன்றையும் சேருங்கள். இப்போதே திட்டமிட்டால் வசனங்களுக்கு நடுவே அதற்கு இடம் விட்டு எழுதலாம்.