‘பிரேக் பேடு 30 சதவீதம்தான் மீதி’ என்றால் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் கார் 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு மாதமாகக் காலையில் வண்டியை எடுத்துப் பிரேக் பிடித்தால் ‘கீச்’ என்று சத்தம் வருகிறது. கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது. சர்வீஸில் காட்டினேன். ‘பேடு 30 சதவீதம்தான் மீதி. நான்கு சக்கரத்துக்கும் மாற்றுங்கள், முன்பக்க டிஸ்க்கும் மாற்றிவிடலாம்’ என்கிறார்கள். நண்பரோ, டேஷ்போர்டில் விளக்கு எரியும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்களுக்குத் தேவை ஒரே ஓர் எண். நான்கு முன் பேடுகளில் மிக மெல்லியதாக இருப்பது எத்தனை மில்லிமீட்டர்? இந்த எண்ணைச் சொல்லாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

முதலில் அந்தச் சத்தம். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக் பிடித்தால் பேடுகள் அதை இருபுறமும் அழுத்தி நிறுத்தும். இரவில் பனியோ ஈரமோ பட்டால் டிஸ்க்கின் மேல் லேசாகத் துரு பூக்கும். காலையில் முதல் நாலைந்து முறை பிரேக் பிடிக்கும்போது பேடு அதைத் தேய்த்து எடுக்கும். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது. தானாக நின்றுவிடும் சத்தத்துக்காகப் பேடு மாற்ற வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டிய சத்தம் வேறு. பல பேடுகளில் சிறிய ஸ்பிரிங் தகடு ஒன்று இருக்கும். உராயும் பொருள் ஏறக்குறைய 2 மி.மீ.க்குத் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டு, மெல்லிய கூர்மையான ஓசை எழுப்பும். அது காலை, மாலை பார்க்காது. வண்டி சூடானாலும் நிற்காது. அதையும் தாண்டி, இரும்பை இரும்பில் தேய்ப்பதுபோல ‘கரகர’ என்று கேட்டால் உராயும் பொருள் முழுவதும் தீர்ந்து, அதைத் தாங்கும் இரும்புப் பின்தகடே டிஸ்க்கை அறுக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, அப்புறம் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். இதுதான் ஆபத்தான நினைப்பு. 2 மி.மீ. மீதியுள்ள பேடும் சாதாரண ஓட்டத்தில் 11 மி.மீ. புதுப் பேடு போலவே பிடிக்கும். தேய்மானம் உங்கள் காலுக்குத் தெரியவே தெரியாது. மலைச்சாலை இறக்கத்திலோ நெடுஞ்சாலையில் அவசரமாக நிறுத்தும்போதோதான் வேறுபாடு வெளிப்படும். பேடு மெலிந்தால் சூட்டைத் தடுக்கும் சுவர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். சூடு, பேடைத் தள்ளும் பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும். பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் பார்க்கும் வாகனத் தகுதிச் சோதனையில் தேறிவிட்டோம் என்று நிம்மதி அடைவதும் இதே தவறுதான். அன்றைக்கு எவ்வளவு விசையோடு பிடித்தது என்றுதான் அங்கேயுள்ள பிரேக் சோதனை இயந்திரம் சொல்லும், எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்லாது.

இப்போது அந்த 30 சதவீதத்துக்கு வருகிறேன். இந்தச் சதவீதக் கணக்கு வாடிக்கையாளரைக் குழப்புவதற்கு மட்டுமே பயன்படுகிறது. எதில் 30 சதவீதம்? உங்கள் பேடு புதிதில் 11 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடிமனில் 30 சதவீதம் என்றால் 3.3 மி.மீ. மாற்றும் அளவு 3 மி.மீ. என்பதால், இன்னும் சுமார் 1,500 கி.மீ. ஓட்டத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் சிலர் கடைசி 2 மி.மீ.யைக் கழித்துவிட்டு, பயன்படக்கூடிய 9 மி.மீ.யில் 30 சதவீதம் என்பார்கள். அப்படியானால் மீதி 4.7 மி.மீ. இதுவரை 38,000 கி.மீ.யில் 6.3 மி.மீ. தேய்ந்திருக்கிறது, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 6,000 கி.மீ. 3 மி.மீ.க்கு வர இன்னும் சுமார் 10,000 கி.மீ. ஆகும். சொல் ஒன்றுதான், ஒரு கணக்கில் இந்த மாதமே மாற்ற வேண்டும், இன்னொன்றில் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அளவுக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டே மில்லிமீட்டரைச் சொல்லாமல் சதவீதம் எழுதித் தரும் வழக்கம் எப்போதுதான் ஒழியுமோ தெரியவில்லை. காருடன் வரும் கையேடும் இதற்கு உதவாது. பல கையேடுகளில் ‘பரிசோதிக்கவும்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். எத்தனை மில்லிமீட்டரில் மாற்றுவது என்ற எண் ஒர்க்‌ஷாப் கையேட்டில் பூட்டிக் கிடக்கும்.

ஆகவே பொதுவான அளவை மனத்தில் வையுங்கள். உராயும் பொருள் 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை மறந்துவிடலாம். 4 அல்லது 5 என்றால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை பாருங்கள். 3 வந்தால் புதுப் பேடுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். 2 வந்தபிறகு ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. அளக்கும்போது பின்தகட்டைச் சேர்த்து அளந்துவிடாதீர்கள். அந்த இரும்புத் தகடே சுமார் 5 மி.மீ. இருக்கும். அதையும் சேர்த்து ‘8 மி.மீ. இருக்கிறதே’ என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. டிஸ்க்கை ஒட்டியிருக்கும் கருமையான அடுக்கு மட்டும்தான் கணக்கு.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வண்டி ஆறியிருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி நிறுத்துங்கள். போன் டார்ச்சை அடித்துச் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே பார்த்தால், டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு காலிப்பர் தெரியும். அதற்குள் டிஸ்க்கின் மேல் படிந்திருப்பது வெளிப் பேடு. 3 மி.மீ. ஆலன் கீ ஒன்றை அருகில் பிடித்து ஒப்பிட்டால் கண்ணளவே போதும்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பாதிப் பரிசோதனைதான். வெளிப் பேடு தடிமனாக இருந்து உள் பேடு தீர்ந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. காரணம் எளிது. பெரும்பாலான கார்களின் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள் பேடை நேராகத் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப் பேடை இழுத்து அழுத்தும். அந்தப் பின்னில் கிரீஸ் காய்ந்தோ, ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்து துருப்பிடித்தோ போனால் காலிப்பர் நகராது. வேலை முழுவதும் உள் பேடின் தலையில் விழும். வெளியே 6 மி.மீ. தெரியும், உள்ளே 1 மி.மீ.கூட இருக்காது. சக்கரத்தைக் கழற்றாமல் ‘பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது’ என்று சொல்லும் மெக்கானிக் உள் பேடைப் பார்க்கவில்லை.

சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். காலிப்பரின் மேல் திறப்பு வழியாக இரண்டு பேடும் தெரியும். உள், வெளிப் பேடுகளுக்கு இடையே 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஒரே பேடு ஒரு முனையில் மெலிந்து ஆப்புபோல இருந்தாலோ, பேடை மட்டும் மாற்றிப் பயனில்லை. பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் பின் மறுபடியும் இறுகிவிடும். இந்த வேலையைச் செய்யாமல் புதுப் பேடு போட்டுக்கொண்டே இருப்பவர்களால்தான் ‘இந்தக் காருக்குப் பேடு நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்ற பேச்சு வருகிறது.

விளக்கு எரியட்டும் என்ற நண்பரின் யோசனை பல கார்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. பேடு தேய்மானத்துக்கென்று தனி சென்சார் எல்லாக் கார்களிலும் இல்லை. இருந்தாலும் சில கார்களில் ஒரு அச்சுக்கு ஒரு சக்கரத்தில்தான் வைத்திருப்பார்கள். மறுபக்கம் தீர்ந்தால் அதற்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் சிவப்பு பிரேக் விளக்கு பெரும்பாலும் ஹேண்ட் பிரேக்குக்கும் பிரேக் ஆயில் அளவுக்கும் உரியது. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், டப்பாவில் அளவு குறையும். அப்போது ‘ஆயில் குறைந்திருக்கிறது’ என்று யாராவது ஊற்றி நிரப்பினால், உங்களுக்குக் கிடைத்த ஓர் எச்சரிக்கையை அழித்துவிட்டார்கள். பிறகு புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அதிகமான ஆயில் வழிந்து பெயின்டை அரித்துவிடும். அளவு குறைந்தால் முதலில் பேடைப் பாருங்கள். பேடு நன்றாக இருந்தும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது.

‘நான்கு சக்கரத்துக்கும்’ என்றார்களே, உங்கள் காரின் பின்சக்கரத்தில் டிஸ்க் இருக்கிறதா என்று முதலில் எட்டிப் பாருங்கள். பல கார்களில் பின்னால் டிரம்தான். அங்கே பேடே கிடையாது, பிரேக் ஷூ இருக்கும், அது வேறு கணக்கு. பின்னால் டிஸ்க் இருந்தாலும் முன்னும் பின்னும் ஒன்றாகத் தேயாது. பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்வதால் பொதுவாக முன் பேடுகள்தான் முதலில் தீரும். ஒரே அச்சில் இடமும் வலமும் சேர்த்து நான்கு பேடுகளை ஒன்றாக மாற்ற வேண்டும் என்பது மட்டுமே விதி. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிஸ்க்கை மாற்றச் சொல்வதற்கும் எண் உண்டு. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, பல இடங்களில் அளந்து காட்டச் சொல்லுங்கள். சாதாரண வெர்னியரின் தாடை விளிம்பில் நிற்கும் துரு வரப்பின் மேல் உட்கார்ந்து தவறான அளவு காட்டும். பொறித்த எண்ணுக்குக் கீழே போயிருந்தாலோ, வெடிப்போ நகம் சிக்கும் ஆழமான வரிகளோ இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கலாம், அதையும் அளந்து பார்க்க வேண்டும். எல்லைக்கு அரை மில்லிமீட்டர்தான் மேலே இருக்கிறது என்றால், புதுப் பேடின் ஆயுள் முழுவதும் அது தாங்காது. சேர்த்து மாற்றுவது நியாயமே. லேசான வளையக் கோடுகளையும் விளிம்புத் துருவையும் காட்டி டிஸ்க் விற்பது நியாயமில்லை.

ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கிலோமீட்டர் கணக்கு எதுவும் உதவாது. அங்கே பெடலை லேசாக அழுத்தும்போது மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பேடுக்குப் பெரிய வேலையே இல்லை. 1,00,000 கி.மீ. ஓடியும் பேடு பாதிக்கு மேல் மீதியிருப்பது உண்டு. உடனே ‘இதற்குப் பிரேக் செலவே இல்லை’ என்று கவனிக்காமல் விடுகிறார்கள். வேலை செய்யாத பிரேக் துருப்பிடிக்கும். பேடு தன் சட்டத்திலேயே இறுகிக்கொள்ளும், ஸ்லைடு பின் உறைந்துபோகும், பின்தகட்டில் துரு ஏறி உராயும் பொருளை அடியோடு பெயர்த்துவிடவும் கூடும். 8 மி.மீ. பேடு கையோடு கழன்று வந்தால் அந்த 8 மி.மீ.யால் என்ன பயன்? ஆகவே இந்தக் கார்களில் தடிமனைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள். பேடு உட்காரும் அகலம் முழுவதும் பளபளப்பாக இருக்க வேண்டும். நடுவில் பளபளப்பும் ஓரத்தில் துருப் பட்டையுமாக இருந்தால் பேடு முழுமையாகப் பதியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். பின்னால் வண்டி வராத சாலையில் அவ்வப்போது நாலைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் பெட்ரோல், டீசல் காருக்கும் இதே கதைதான்.

மாற்ற முடிவு செய்துவிட்டால், பேக்கிங் பிரிக்காத பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். போலிப் பேடு தோற்றத்தில் அசல்போலவே இருக்கும், சூடேறினால்தான் குட்டு வெளிப்படும். கழற்றிய பழைய நான்கு பேடுகளையும் கேட்டு வாங்குங்கள். பேடில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்து ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடும்’ என்பதை ஏற்காதீர்கள். தேய்த்ததால் பேடு இன்னும் மெலிந்ததுதான் மிச்சம். சத்தத்துக்காகப் பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ எண்ணெய், கிரீஸ், ஸ்பிரே எதையும் அடிக்க விடாதீர்கள். பின்சக்கரத்தில் பட்டனால் இயங்கும் மின்சார ஹேண்ட் பிரேக் இருந்தால், ஸ்கேனரால் அதன் மோட்டாரைப் பின்வாங்கவைக்கும் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனை அழுத்தித் தள்ளக் கூடாது, மோட்டார் பழுதாகிவிடும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். இதைச் செய்யாமல் நகர்த்தினால் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே எதிலாவது மோதிவிடுவீர்கள். பிறகு புதுப் பேடு டிஸ்க்கில் நன்றாகப் பதிவதற்காக, காலியான சாலையில் 50, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைத்து, ஆறுவதற்கு இடைவெளி விட்டு, பத்து முறை செய்யுங்கள். சூடான நிலையில் வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். முதல் 300 கி.மீ. வரை முன் வண்டிக்கு அதிக இடைவெளி விடுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள்.