பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் காதல் நாவலைப் பாடமாக நடத்தலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒன்பதாவது படிக்கும் உங்கள் மகளுக்கு 'எலினோர் அண்ட் பார்க்' என்ற நாவலைப் பாடமாகக் கொடுத்திருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் முழுக்கக் காதல் கதை, முதல் சில பக்கங்களிலேயே கெட்ட வார்த்தை. இந்த வயதில் இது எதற்கு, வகுப்பில் இதை வைத்து என்னதான் நடத்துவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அங்கேயே ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இந்த நாவலையும் நடத்துகிறேன். உங்கள் மகளின் ஆசிரியர் எப்படி நடத்துவார் என்று எனக்குத் தெரியாது. நான் எப்படி நடத்துகிறேன், ஏன் நடத்துகிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். அந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ரெயின்போ ரோவெல் எழுதிய இந்த நாவல் அமெரிக்காவில் 2013-ல் வந்தது. அதே வருடம் மினசோட்டா மாநிலத்தின் அனோக்கா-ஹென்னபின் பள்ளி மாவட்டத்தில் சில பெற்றோர், 227 இடங்களில் தகாத சொற்கள் வருகின்றன என்று எண்ணிக் கொடுத்தே புகார் செய்தார்கள். எழுத்தாளர் அங்கே வந்து பேசுவதாக இருந்த நிகழ்ச்சி ரத்தானது. ஆனால் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் வருடாவருடம் வெளியிடும், அதிக எதிர்ப்பைச் சந்தித்த பத்துப் புத்தகங்களின் பட்டியலில் 2016-க்கான பட்டியலிலும் இது இருந்தது. இன்னொரு பக்கம், இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதுக் குழு 2014-ல் இதைச் சிறப்பு நூலாகத் தேர்ந்தெடுத்தது.

கெட்ட வார்த்தை இருப்பது உண்மைதான். கதையின் நாயகன் பார்க், நாயகி எலினோரிடம் முதன்முதலாகப் பேசும்போதே ஒன்று வந்துவிடுகிறது. நான் அதை மறைப்பதில்லை, தாண்டிப் போவதும் இல்லை. ஒவ்வொரு வசவும் யார் வாயிலிருந்து, யாரை நோக்கி வருகிறது என்று பிள்ளைகளைக் குறித்துக்கொண்டே படிக்கச் சொல்வேன். பாதிப் புத்தகம் போவதற்குள் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்: பெரும்பாலானவை இந்த இரண்டு பேரும் பேசுபவை அல்ல, அவர்கள் மேல் வீசப்படுபவை. எலினோர் தினமும் எந்தச் சத்தத்துக்கு நடுவில் வாழ்கிறாள் என்பது அப்போதுதான் புரிகிறது. உடல் நெருக்கம் என்று பார்த்தால் முத்தம் உண்டு, காருக்குள் ஒரு காட்சியும் உண்டு. அதற்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்கிறார்கள்.

கதை நடப்பது 1986-ல், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்தில். எலினோர் பள்ளிக்குப் புதிதாக வந்தவள். செம்பட்டை முடி, பருத்த உடம்பு, பொருந்தாத உடைகள். பேருந்தில் யாரும் அவளுக்கு இடம் தர மாட்டேன் என்கிறார்கள். பார்க்கின் அம்மா கொரியாவைச் சேர்ந்தவர், அப்பா அமெரிக்கர். எல்லோர் கண்ணிலும் படாமல் காலத்தை ஓட்டிவிட்டால் போதும் என்று இருக்கும் பையன். வேறு வழியில்லாமல் எரிச்சலோடு அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறான்.

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் காமிக்ஸ் படிக்கிறான். அவள் ஓரக்கண்ணால் கூடவே படிக்கிறாள் என்பதை ஒருநாள் கவனிக்கிறான். உடனே புத்தகத்தை இன்னும் கொஞ்சம் அகலமாகப் பிடிக்கிறான், பக்கத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திருப்புகிறான். வகுப்பில் நான் முதலில் நிறுத்தும் இடம் இதுதான். 'இந்தப் பக்கத்தில் காதல் என்ற சொல்லே இல்லை. பார்க் என்ன செய்கிறான் என்று மட்டும் எழுதுங்கள்' என்பேன். சில பிள்ளைகள் 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதுவார்கள். பக்கத்தைத் திருப்பும் வேகம் மாறியதைப் பார்த்தவர்கள் அதை எழுதுவார்கள். அன்றைய விவாதம் முழுக்க அதிலிருந்து கிளம்பும்.

இந்தப் புத்தகத்தை நான் நடத்துவதற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது. இந்த நாவலில் முதல் காதல் என்பது ஒருவர் இன்னொருவரைக் கூர்ந்து கவனிப்பது. எலினோரைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் அவளுக்குக் கொடுக்கத் தவறியதும் அதே கவனிப்புதான். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் காதலை மட்டும் பிரித்து எடுத்து நடத்தினால் புத்தகம் கையில் நிற்காது. அதனால் நாவல் முடிந்ததும் 'உனக்குப் பிடித்தவருக்கு ஒரு பாட்டுத் தொகுப்பு தயார் செய்' என்று வீட்டுப்பாடம் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. பார்க் அவளுக்குப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கிறான் என்பதால் பலரும் அதைக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளும் உற்சாகமாகச் செய்வார்கள்தான். ஆனால் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்க அவளிடம் பேட்டரி கூட இல்லை, வாக்மேனும் பேட்டரியும் அவன்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற செய்தி அந்த உற்சாகத்தில் காணாமல் போய்விடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் இங்கே பல பள்ளிகளில் 'ரோமியோ ஜூலியட்' பாடம் உண்டு. எங்கள் பள்ளியிலும் உண்டு. நான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்கிறேன். இந்த நாவலிலேயே ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. ஆசிரியர் ரோமியோ ஜூலியட் நடத்துகிறார். எலினோர், இது ஆழமான காதலே இல்லை, கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிய இரண்டு பணக்காரப் பிள்ளைகள், ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது என்று வாதாடுகிறாள். அப்படியானால் இத்தனை நூற்றாண்டாக இது எப்படி நிற்கிறது என்று ஆசிரியர் கேட்க, இளமையில் காதலில் இருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க ஜனங்களுக்கு ஆசையாக இருக்கிறதோ என்னவோ என்கிறான் பார்க். என் வகுப்பும் அன்றைக்கு இரண்டாகப் பிரிந்து வாதாடும்.

அடுத்து கை. ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதலாகப் பேசும் பதினான்கு வரிகள் சேர்ந்து சானட் என்ற கவிதை வடிவத்தில் ஒரு முழுக் கவிதை. இரண்டு பேர் மாறி மாறிப் பேசி ஒரே கவிதையைக் கட்டுகிறார்கள், அதன் பொருள் முழுக்க உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்வது. இந்த நாவலில் பார்க் அவள் கையில் சுற்றியிருக்கும் பட்டுத் துணியின் நுனியை விரலில் சுற்றி, அந்தப் பட்டோடு தன் விரல்களையும் அவள் உள்ளங்கைக்குள் வைக்கிறான். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் அதை அவன் பக்கத்திலிருந்து ஒருமுறையும் அவள் பக்கத்திலிருந்து ஒருமுறையும் சொல்கிறார் ரோவெல். நாவல் முழுக்கவே இப்படி இரண்டு பேரின் பெயர்களைத் தலைப்பாக வைத்து மாறி மாறித்தான் போகிறது. ஷேக்ஸ்பியர் ஒரு கவிதையை இரண்டு வாயில் பிரித்துக் கொடுத்தார், இவர் ஒரு தொடுகையை இரண்டு மனதில் பிரித்துக் கொடுக்கிறார் என்று பிள்ளைகளுக்குக் காட்டினால் வகுப்பில் கேலிச் சிரிப்பு நின்றுவிடும். 'இதை எப்படி எழுதினார்' என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பிறகு அது இலக்கிய வகுப்புதான். ஜூலியட்டுக்கு இன்னும் பதினான்கு நிறையவில்லை, அவளுக்கு நாடகத்தில் கல்யாணமே நடந்துவிடுகிறது என்பதையும் பெற்றோர் யோசித்துப் பார்க்கலாம். பழைய மொழியில் இருப்பதால் அது நமக்குப் பயம் தருவதில்லை.

இனி அந்த வீடு. எலினோரின் மாற்றாந்தந்தை ரிச்சி ஒரு வருடம் அவளை வீட்டை விட்டே துரத்தியிருந்தவன். தம்பி தங்கைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை. வீட்டில் போன் கிடையாது. குளியலறைக்குக் கதவு கிடையாது, அவன் வருவதற்குள் குளித்துவிட வேண்டும். கதவில்லாத அந்தக் குளியலறையைப் பற்றி நான் அவசரமாகப் பேசிவிட்டுப் போவதில்லை. அந்த வீட்டில் அவள் எதற்கெல்லாம் நேரம் கணக்குப் பார்த்து வாழ வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகளே சொல்ல விடுவேன்.

இதைத் தொடங்குவதற்கு முன்பே வகுப்பில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவேன். ஒரு பிள்ளைக்கு வீட்டில் தீங்கு நடக்கிறது என்று சந்தேகம் வந்தாலே ஆசிரியர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இதுதான் சட்டம். 'குறிப்பேட்டில் நீங்கள் எழுதுவதை நான் யாரிடமும் காட்ட மாட்டேன். ஆனால் யாராவது ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் என்னால் ரகசியம் காக்க முடியாது, காக்கவும் மாட்டேன். உதவிக்கு ஆள் கூட்டி வருவேன்' என்பேன். இதைச் சொல்லாமல் இந்த நாவலை நடத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளி ஆலோசகரிடமும் எந்த வாரத்தில் எந்தப் பகுதி வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன். காதல் காட்சிகளைவிட இந்தப் பக்கங்கள்தான் சில பிள்ளைகளை உலுக்கும்.

அப்புறம் பலகையில் ஒரு பட்டியல் போடுவோம். எலினோரைச் சுற்றி எத்தனை பெரியவர்கள், யார் எதைப் பார்த்தார்கள், பார்த்தபின் என்ன செய்தார்கள். சொந்த அப்பா, அம்மா, ஆசிரியர்கள், ஆலோசகர், பார்க்கின் பெற்றோர். பார்க்கின் அம்மாவுக்கு முதலில் எலினோரைப் பிடிக்காது. ஒருநாள் மளிகைக் கடையில் எலினோரை அவள் அம்மாவோடும் தம்பி தங்கைகளோடும் பார்க்கிறார். தானும் பெரிய குடும்பத்தில் வறுமையில் பிறந்தவர். அத்தனை பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லாமே காகிதம் போல மெலிந்து போகும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மகனிடம் அவளைக் கூட்டி வரச் சொல்கிறார். ஒருமுறை, அதிகம் பேசாத ஒரு பையன் கையைத் தூக்கி, 'அந்த அம்மா எலினோரைத் தனியாகப் பார்த்தபோது மாறவில்லை, அவளோடு இருந்த சின்னப் பிள்ளைகளைப் பார்த்துதானே மாறினார்' என்றான். நான் இத்தனை வாசிப்பில் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அந்த மணி முழுக்க அதைத்தான் பேசினோம்.

பேருந்தில் எலினோரைப் படுத்திய டீனாதான் கடைசியில் அவள் தப்பித்து ஓடும் இரவில் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறாள். எலினோரின் பாடப் புத்தகங்களின் அட்டையில் ஆபாசமாக எழுதியவன் யார் என்பதும் அதே இரவில் தெரிகிறது. பள்ளியில் யாரோ செய்தது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், நாமும் நினைத்திருந்தோம். எழுதியவன் ரிச்சி. வளர்வது என்ற தலைப்பில் நீளமாகப் பாடம் எடுப்பதைவிட இந்த ஒரு திருப்பம் பிள்ளைகளுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கிறது.

குறை இல்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். பார்க்கையும் அவன் அம்மாவையும் எழுதிய விதத்தைப் பற்றிக் கொரிய வம்சாவளி வாசகர்கள் சிலர் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அம்மாவைப் பொம்மை போலச் சித்திரிப்பது, அவர் உச்சரிப்பை எழுதிய விதம், பார்க் தன் தோற்றத்தைத் தானே தாழ்வாக நினைப்பது, எல்லாமே அதில் வரும். அது நியாயமான விமர்சனம். அதையும் வகுப்பில் வைத்தே பேசுவேன். நம் பிள்ளைகள் இங்கே இதே வகைப் பார்வைக்கு நடுவில்தான் வளர்கிறார்கள். உங்கள் மகளுக்கு இந்த இடத்தில் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

உங்களுக்கு என் யோசனை: அவளோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள். படிக்கும்போது 'உனக்கும் யாராவது இருக்கிறார்களா' என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட நிமிடமே அவள் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவாள். மளிகைக் கடைப் பகுதி வந்ததும் அந்த அம்மா செய்தது சரியா என்று கேளுங்கள். பார்க்கின் அப்பா எலினோரைக் கொண்டுபோய் விட மகனிடம் தன் வண்டிச் சாவியைக் கொடுக்கும் இடத்தில், உங்கள் வீட்டில் என்றால் என்ன செய்வீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். முழுதும் படித்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் ஆசிரியருக்கு எழுதுங்கள். நிறையப் பள்ளிகளில் மாற்றுப் புத்தகம் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிவில் எலினோர் மினசோட்டாவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விடுகிறாள். பார்க்கின் கடிதங்களை அவள் பிரிப்பதே இல்லை. ரொம்ப நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு தபால் அட்டை வருகிறது. அதில் மூன்றே மூன்று சொற்கள். என்ன சொற்கள் என்று நாவல் சொல்வதில்லை. பிள்ளைகள் உடனே 'ஐ லவ் யூ' என்பார்கள். உங்கள் மகளும் அப்படிச் சொன்னால் சரி என்று விட்டுவிடாதீர்கள். எலினோர் அதுவரை எதை எப்போது சொன்னாள், எதைக் கடைசிவரை சொல்லவே இல்லை என்று புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். என் தேர்வில் பெரிய மதிப்பெண் கேள்வி அதுதான்.