சோளப் பை மக்குமா?

கேள்வி: எங்கள் ஏரியா கடையில், “சோளத்தில் செய்தது, மண்ணில் போட்டால் உரமாகிவிடும்” என்று சொல்லி ஒரு கேரி பேக் தருகிறார்கள். மாடித் தோட்டத் தொட்டியில் புதைத்தேன். மழைக்காலம் முடிந்து தோண்டினால், நைந்து போயிருக்கிறதே தவிர பை பையாகவே இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கடைக்காரர் ஏமாற்றியிருக்கலாம், பை நல்ல பையாகவும் இருக்கலாம். சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, புளிக்க வைத்து, லாக்டிக் அமிலம் எடுத்துச் செய்வது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். அது மக்கும்தான், ஆனால் ஏறக்குறைய 58 டிகிரி சூடும், ஈரமும், நுண்ணுயிர்களும் சேர்ந்தாற்போல் பல வாரம் கிடைக்க வேண்டும். உரம் தயாரிக்கும் பெரிய ஆலைக் குவியல்களில்தான் அது நடக்கும். உங்கள் தொட்டி, ஈரோட்டு வெயிலானாலும், ராத்திரி ஆறிவிடுமே!

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் போட்டு வைத்துப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ‘கம்போஸ்ட் ஆகும்’ வகைப் பை கடலில் 3 மாதத்துக்குள் காணாமல் போனது, ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, பாரம் வைத்தால் மட்டும் கிழிந்தது. ‘மக்கும்’ என்று அச்சடித்த இன்னொரு வகை 3 வருஷத்துக்குப் பிறகும் சாமான் தூக்கியது.

இதில் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. செடியிலிருந்து வந்தால் மக்கும், பெட்ரோலியத்திலிருந்து வந்தால் மக்காது என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010-லிருந்து கரும்பு எத்தனாலில் பாலிஎத்திலீன் செய்கிறது, அதுவும் நம்ம பழைய பாலித்தீனும் வேதியியலில் ஒன்றேதான், மாட்டு வயிற்றுக்குள் போனால் இரண்டும் ஒரே மாதிரிதான் அடைக்கும். இந்தப் பக்கம் பிபிஏடி என்று ஒன்று, பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் மக்கும். பிஎல்ஏ மட்டும் போட்டால் பை மொடமொடவென்று இருக்கும் என்பதால், வளைந்து கொடுக்க இதைத்தான் கலக்கிறார்கள். உங்கள் சோளப் பையிலேயே பாதிக்கு மேல் இது இருக்கலாம், அதில் தப்பும் இல்லை.

அடுத்த முறை வாங்கும்போது சோளமா கிழங்கா என்று கேட்க வேண்டாம். ஐஎஸ் 17088 என்ற தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை இலைப் படம் மட்டும்தான் இருக்கிறதென்றால் அந்தப் பைக்குக் கூடுதல் காசு தர வேண்டாம்.

கேள்வி: அப்போ பெட்ரோலிய பிளாஸ்டிக்கே தேவலை என்கிறீர்களா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: எதற்கு என்பதைப் பொறுத்தது. செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்து வளர்கிறது, பெட்ரோலியமோ பூமிக்குள் கிடந்த கார்பனை வெளியே கொண்டு வருகிறது. அந்தக் கணக்கில் செடிக்கு மார்க் அதிகம். ஆனால் சோளத்துக்கும் கரும்புக்கும் நிலம், தண்ணீர், யூரியா, டிராக்டர் டீசல் எல்லாம் வேண்டுமே, அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். காலி தண்ணீர் பாட்டிலைக் காயலான்கடையில் எடை போட்டு வாங்குகிறார்கள், ஏனென்றால் பெட் பிளாஸ்டிக்கை உருக்கித் திரும்ப விற்கலாம். பார்க்க அதே மாதிரி இருக்கும் பிஎல்ஏ கப்பை யாரும் வாங்குவதில்லை, தெரியாமல் பெட்டோடு கலந்தால் அந்தச் சரக்கும் கெடும். உர ஆலைக்கும் போகாமல், காயலான்கடைக்கும் போகாமல், குப்பைமேட்டில்தான் கிடக்கும். தனியாகப் பிரித்து வாங்க உங்கள் ஊரில் ஆள் இருந்தால் பிஎல்ஏ நல்லது. இல்லையென்றால் பயன் குறைவு.

கேள்வி: பிஎல்ஏ கப்பில் டீ குடிக்கலாமா?
– டீக்கடைக்காரர், கோவில்பட்டி

பதில்: சாதா பிஎல்ஏ கப் 60 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும், உங்கள் டீ அதைவிடச் சூடு. ஜூஸுக்கு ஓகே. டீக்கு கண்ணாடி கிளாஸே போதும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடைப்பட்டியலில் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.