சென்சஸில் ஊர் பெயரே இல்லை, பஸ் கேட்டு மனு எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் சுமார் 900 பேர் இருக்கிறோம். சென்சஸ் பட்டியலில் தேடினால் ஊர் பெயரே வரவில்லை. பஸ் ஏற 3 கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். மனுவில் எந்த மக்கள்தொகைக் கணக்கைக் காட்டுவது, யாரிடம் கொடுப்பது?

பதில்: சென்சஸ் கணக்கு வருவாய் கிராமம் வாரியாகத்தான் அச்சாகிறது. உங்கள் ஊர் அதற்குள் வரும் குக்கிராமமாக இருக்கும், அதனால் நீங்கள் 900 பேரும் பக்கத்து ஊர் பெயரில் அடங்கியிருப்பீர்கள். பட்டாவில் வருவாய் கிராமம் என்று போட்டிருக்கும் பெயரைத் தேடிப் பாருங்கள். ஊராட்சியின் பெயர் வேறாக இருக்கலாம், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2011 சென்சஸின் மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் பஸ் உண்டா, ரயில் நிலையம் உண்டா, இல்லாவிட்டால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10க்குள்ளா, அதற்கும் மேலா என்று போட்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், தாய்க் கிராமத்தில் பஸ் நின்றால் மொத்த வருவாய் கிராமத்துக்கும் 'பஸ் உண்டு' என்றுதான் பதிவாகும். உங்கள் 3 கிலோமீட்டர் நடை அந்தக் கட்டத்துக்குள் காணாமல் போயிருக்கும். மனுவில் முதலில் உடைக்க வேண்டியது இதைத்தான்.

அந்தக் கணக்கும் பழசு. 2021இல் நடக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 நிலவரத்துக்குத்தான் எடுக்கிறார்கள். அதுவரை காத்திருக்காதீர்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் குக்கிராமம் வாரியாகக் குடும்பம், தலைக்கணக்கு இருக்கும். ரேஷன் கார்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்தால் யாரும் சட்டென்று மறுக்க முடியாது.

ஆனால் 900 என்ற எண்ணை மட்டும் பார்த்து எந்த டிப்போவும் பஸ் விடாது, நானாக இருந்தாலும் விடமாட்டேன். காலையில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் எத்தனை பேர், வேலைக்கு எத்தனை பேர், சந்தை நாளில் எத்தனை பேர், எந்த ஊருக்கு, திரும்புவது எத்தனை மணிக்கு என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பஸ் வந்தால் ஏறுவோம் என்று சொல்லும் பெண்களையும் தனியாகக் குறியுங்கள்.

அப்புறம் சாலை. பஸ் 2.6 மீட்டர் வரை அகலம் இருக்கும். தார் 3 மீட்டர்தான், ஓரத்தில் மண் அணைப்பும் இல்லை என்றால் எதிரே ஒரு டிராக்டர் வந்தாலே கதை முடிந்தது. ஊர்க் கோடியில் பஸ் திரும்ப இடம் இருக்கிறதா, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி உண்டா என்றும் பாருங்கள், ஆய்வுக்கு வருபவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் சாலையே இல்லை என்றால் இது பஸ் பிரச்சினை அல்ல, பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் கேட்க வேண்டியது. சமவெளியில் 2011 கணக்குப்படி 500 பேர் இருக்க வேண்டும், 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்தும் கணக்குக் காட்டலாம்.

சாலை சரியாக இருந்தால் புது பஸ் கேட்காதீர்கள். மெயின் ரோட்டில் போகும் பஸ்ஸில் காலை ஒரு நடை, மாலை ஒரு நடை உள்ளே வந்து திரும்பட்டும் என்று கேளுங்கள், வண்டியும் ஆளும் புதிதாகத் தேவையில்லாததால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் ஒன்று, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒன்று கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பெரிய பஸ் நுழையாது என்றால் மினி பஸ் வழித்தடம் கேட்டு அதே மனுவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்பலாம். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.