கிழிந்த பாராசூட்டைத் தைக்கிறவரும் தையல்காரர்தான், அண்ணா

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், மகனை எதில் சேர்ப்பது என்று கேட்க, போன சனிக்கிழமை மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கட்டணத் தாள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், நான்கு வருடத்துக்கு 14 லட்சம். சேமிப்பு 4 லட்சம், மீதி கடன். ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலையில் இருக்கும் மச்சான், திங்கட்கிழமைக்குள் பணம் கட்டிவிடச் சொல்லி தினமும் போன் செய்கிறாராம். அண்ணிக்குச் சரியான தூக்கமே இல்லை. முதல் பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். பையன் தன் பையைத் திறந்து காட்டியதும் நிறுத்திவிட்டேன். அதன்பிறகு அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, முதலில் கடனைப் பாருங்கள். 10 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 13,775 ரூபாய். படிக்கிற நான்கு வருடத்து வட்டி இதில் சேரவில்லை. கடை வாடகை போக உங்கள் கையில் நிற்பது 22,000 என்று நீங்களே சொன்னீர்கள். மச்சான் நல்லவர்தான், ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. கடை வருமானத்தை அடகு வைத்து இந்த சீட்டை வாங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் அந்தப் பை. மலையேறப் போகும்போது அடிப்பக்கம் கிழிந்ததாம். மேலே ஒட்டுப் போட்டு முடித்துவிடாமல், கிழிந்த பக்கத்தையே தையல் பிரித்து எடுத்து, அதை அளவாக வைத்துப் புதுத் துணி வெட்டியிருக்கிறான். உட்புறம் திருப்பிப் பார்த்தேன். பாவும் ஊடும், அதாவது நெடுக்கு இழையும் குறுக்கு இழையும், ஓடும் திசை பழையபடியே இருந்தது. பழைய தையல் நின்ற இடத்துக்கு ஒரு விரற்கடை முன்பே புதுத் தையல் தொடங்கி, அதன் மேலேயே ஓடியிருந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "அப்பா கடையில பார்த்ததுதான் அக்கா" என்றான். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

இந்தக் கையை வைத்து என்ன செய்யலாம்? தெரிந்த வழிகளை விடுங்கள், அவை எல்லார் வாயிலும் இருக்கின்றன. விமானத்திலிருந்து சரக்கை இறக்கும் பாராசூட்டைப் பழுது பார்க்கும் வேலையைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆக்ராவில், பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பாராசூட் ஆய்வகம் இருக்கிறது. அங்கே உருவான பி-7 அமைப்பு, ஐ.எல்.-76 விமானத்திலிருந்து 7 டன் வகைச் சரக்கை இறக்கும். அதைத் தாங்குவது 5 பெரிய குடைகள். கேனபி என்கிற அந்தக் குடைத்துணி, கோர் என்கிற நீள வாக்கிலான துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு கோரும் பேனல் என்கிற சிறு துண்டுகள் பலவற்றை இணைத்தது. துணி ரிப்ஸ்டாப் நைலான், உங்கள் மகன் பையில் இருக்கும் அதே இனம். நடுநடுவே தடித்த இழை கட்டம் கட்டமாக ஓடுவதால் கிழிசல் சட்டென்று பரவாது.

பயிற்சியில் போட்ட குடை திரும்பி வரும்போது முள் கிழித்திருக்கும். விரியும்போது கயிறு உரசி நைலான் உருகி, கண்ணாடி மாதிரி விறைத்த கோடு விழுந்திருக்கும். வெயில் பட்டுப் பட்டு இழை நைந்திருக்கும். கீழே விளக்கு வைத்த மேசையில் கோர் கோராக நகர்த்தி, பழுதான இடத்தில் குறி வைக்க வேண்டும். சின்ன ஓட்டை என்றால் ஒட்டு. பெரியது என்றாலோ, ஒரே பேனலில் ஒட்டுகள் கூடிவிட்டாலோ, பேனலையே மாற்ற வேண்டும். பக்கத்துத் துணியில் கத்தி படாமல் தையலைப் பிரித்து, அதே ரகத் துணியை அதே கிராஸில், அதாவது இழை அதே சாய்வில் வரும்படி வெட்டி, அதே நூலில், அங்குலத்துக்கு அதே எண்ணிக்கையில் தைக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்கக் கூடாது. ஊசித் துளை கூடினால் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். காற்றை வேறு அளவில் விடும் துணியைப் போட்டால் குடை ஒழுங்காக விரியாது. முடித்ததும் இன்னொருவர் பார்த்துச் சரி என்ற பிறகே பதிவேட்டில் கையெழுத்து.

கைக்கு மரியாதை இருக்கும் வேலை இது. அமெரிக்காவில் ராணுவம் சாராத பாராசூட்டில் பெரிய பழுதைத் தொட, பாராசூட் பழுதுபார்ப்பவருக்கான மாஸ்டர் ரிக்கர் உரிமம் வேண்டும், அதற்குக் குறைந்தது 3 வருட அனுபவம் கேட்கிறார்கள்.

வழி இதுதான். ஐ.டி.ஐ.யில் சூயிங் டெக்னாலஜி என்கிற தையல் தொழில் படிப்பு ஒரு வருடம். பிறகு அப்ரண்டிஸ் பயிற்சி, உதவித்தொகையோடு. கான்பூரின் பழைய பாராசூட் தொழிற்சாலை 2021 முதல் கிளைடர்ஸ் இந்தியா லிமிடெட் ஆகியிருக்கிறது. அதன் அறிவிப்பையும் ஆக்ரா ஆய்வகத்தின் அறிவிப்பையும் அவனே பார்த்துக்கொண்டிருக்கட்டும். எந்த டிரேடு, அதாவது எந்த ஐ.டி.ஐ. தொழிற்பிரிவு கேட்கிறார்கள் என்று வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். இடங்கள் குறைவு, வாரா வாரம் விளம்பரம் வராது, வடக்கே போகத் தயாராக இருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் கூடாரம், பாராகிளைடர், சரக்கு வலை எல்லாம் இதே கைக்கு வேலை தரும். "பாராசூட் வேலை வாங்கித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பின்னால் பட்டம் வேண்டுமென்றால் கே.ஆர். சர்க்கிள் அரசுக் கல்லூரியில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி பி.இ. இருக்கிறது, கர்நாடக நுழைவுத் தேர்வான சி.இ.டி. எழுதிப் போகலாம்.

"என்னை மாதிரியே மிஷின்ல உட்காரணுமா?" என்று கேட்டீர்கள். உங்களிடமிருந்துதான் அவனுக்கு அந்தக் கை வந்தது, அண்ணா. அதை ஏதோ நோய் மாதிரி நினைத்து அவனிடமிருந்து விரட்டாதீர்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். மச்சானிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் திங்கட்கிழமை காலை போனில் என்னையும் சேருங்கள், நானே அவரிடம் பேசுகிறேன்.